வீட்டு ஓவனில் பார்பெக்யூ ரிப்ஸ்: உங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லுங்கள்

கேன்சஸ் சிட்டியிலிருந்து:

இந்த ஊரில் ரிப்ஸ், அதாவது விலாக்கறி சாப்பிடாமல் காலம் தள்ள முடியாது. 1900களின் தொடக்கத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் புகையில் வாட்டிய கறியைச் செய்தித்தாளில் சுற்றி விற்கத் தொடங்கினார். பார்பெக்யூவில் இந்த ஊர் பேர் வாங்கத் தொடங்கியதே அவரிலிருந்துதான். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் பால்கனியில் கரி அடுப்பு வைக்க அனுமதி இல்லை. அதனால் என் ரிப்ஸ் எல்லாம் சமையலறை ஓவனில்தான். விருந்தாளிகள் எலும்பைச் சப்பிவிட்டு இன்னொரு துண்டு கேட்கிறார்கள்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். பன்றிக்கறி 63 டிகிரி செல்சியஸிலேயே சாப்பிடும் அளவுக்கு வெந்துவிடும். அந்த நிலையில் விலாவைக் கடித்தால் பல்லுக்குத்தான் வேலை. விலா முழுக்க கொலாஜன் என்ற விறைப்பான இணைப்புப் புரதம். 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது மெல்ல மெல்ல இளகி ஜெலட்டினாக மாறும். கறியின் உள்சூடு 90லிருந்து 95 டிகிரிக்குள் வந்தால்தான் நாம் தேடும் மென்மை கிடைக்கும். அதாவது வெந்த கறியை இன்னும் பொறுமையாக வேகவிட வேண்டும். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் ஓரம் காய்ந்துவிடும், நடுவில் நார் நாராக நிற்கும்.

வாங்கும்போது பேபி பேக் என்றால் குட்டிப் பன்றி என்று நினைக்க வேண்டாம். முதுகெலும்பை ஒட்டிய குட்டை விலா அது. கொழுப்பு குறைவு, சீக்கிரம் வேகும். ஸ்பேர் ரிப்ஸ் வயிற்றுப் பக்கத்து விலா. அதன் குருத்தெலும்பு ஓரத்தை வெட்டி நேர்ப்படுத்தினால் செயின்ட் லூயிஸ் கட். ஓவனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கொழுப்பு கூடுதல் என்பதால் கறி எளிதில் வறண்டு போகாது.

எலும்புப் பக்கம் வெள்ளையாக ஒரு ஜவ்வு இருக்கும். கரண்டிக் காம்பால் ஒரு முனையை நெம்பி, பேப்பர் டவலால் பிடித்து இழுத்தால் நாடா போல ஒரே இழுப்பில் உரிந்து வரும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஜவ்வு இருந்தால் அந்தப் பக்கம் மசாலா பிடிக்காது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கடிக்கும்போது இழுக்கும்.

முந்தின இரவே உப்பு தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் பிரவுன் சுகர், புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்த்தூள்), மிளகு, பூண்டுத்தூள், கடுகுத்தூள், கொஞ்சம் சீரகத்தூள். கரி அடுப்பின் புகை ஓவனில் வராது. அந்தக் குறையில் பாதியையாவது ஈடுகட்டுவது இந்த பாப்ரிகாதான். பிறகு ஃபாயிலில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 135 செல்சியஸில் வைப்பேன். பேபி பேக் என்றால் இரண்டரை மணி நேரம், செயின்ட் லூயிஸ் என்றால் மூன்றிலிருந்து மூன்றரை. ஃபேன் ஓடும் ஓவனாக இருந்தால் 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை மட்டும் நம்பாமல், இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நன்றாக வளைந்து, மேல்பக்கம் லேசாக வெடித்தால் பதம். எலும்பு நுனி அரை அங்குலம் வெளியே தெரியும். சாஸைக் கடைசியில்தான் தடவ வேண்டும். எங்கள் ஊர் சாஸில் தக்காளியோடு மொலாசஸ் என்ற கருஞ்சர்க்கரைப் பாகு சேரும், அந்தச் சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும். தடவிப் பத்து நிமிடம் திறந்து வைத்து, கடைசி இரண்டு மூன்று நிமிடம் பிராய்லரில், அதாவது ஓவனின் மேல்சூட்டில் விட்டால் மேலே பளபளவென்று படியும். அந்த நேரம் ஓவனை விட்டு நகரக் கூடாது.

மெம்பிஸிலிருந்து:

அக்கா, ஜவ்வு விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு நன்றி. எங்கள் பக்கம் ரிப்ஸ் என்றால் பெரும்பாலும் சாஸ் இல்லாத உலர் மசாலாதான். 1948இல் தொடங்கிய ரெண்டெவூ உணவகத்தில் இன்றும் அதற்குத்தான் கூட்டம். அங்கே சாப்பிட்டபோது ஒன்று கவனித்தேன். கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று விழவில்லை. கடித்த இடத்தில் மட்டும் சுத்தமாக வந்தது, பக்கத்துக் கறி அசையவில்லை. கேன்சஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டி நடத்தும் போட்டிகளிலும் நடுவர்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தொட்டதும் கழன்று விழுந்தால் அவர்கள் கணக்கில் அது குழைந்த கறி.

அதனால் நான் ஃபாயிலை அரை மணி நேரம் முன்பே பிரித்துவிடுவேன். வினிகரும் தண்ணீரும் கலந்து மேலே தெளித்து, திறந்தபடியே ஓவனில் விடுவேன். வெளியே எடுத்ததும் இன்னொரு கை மசாலா தூவுவேன். மேலே மொறுமொறுப்பான ஒரு படலம் கிடைக்கும். ஃபாயிலுக்குள்ளேயே முழு நேரமும் இருந்தால் அது ஆவியில் வெந்த கறியாகத்தான் இருக்கும்.

ஹூஸ்டனிலிருந்து:

நாங்கள் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை. ஹலால் கடையில் மாட்டு விலா வாங்கி இதே முறையில் செய்கிறோம். டெக்சஸ் வழக்கப்படி உப்பும் மிளகும் மட்டும், இனிப்பே சேர்ப்பதில்லை. எலும்பு பெரியது, அதனால் நாலு மணி நேரம்வரை ஆகும். உள்சூடு 95ஐத் தொட்ட பிறகுதான் எடுக்கிறோம்.

என் மாமியார் குக்கரில் நாலு விசில் விட்டு எடுத்து, பிறகு ஓவனில் வைப்பார். மென்மை வந்துவிடுகிறது, அந்தத் தண்ணீர் சூப்புக்கும் அருமை. ஆனால் ருசியில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. ஃபாயிலுக்குள் வேகும்போது கறி விடும் சாறு அங்கேயே நிற்கிறது. அதை ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, சாஸோடு சேர்த்துச் சுண்டக் காய்ச்சிப் பாருங்கள். கடை சாஸ் வேறு ருசியாகிவிடும்.

வினிகர் ஊற்றிச் சுற்றுபவர்கள் கறிக்கும் ஃபாயிலுக்கும் நடுவில் ஒரு பார்ச்மென்ட் தாள் (பேக்கிங் பேப்பர்) வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு நேரடியாக அலுமினியத்தில் பட்டால் உலோக வாடை ஏறிவிடும்.