6,40,000 ரூபாய்: லேப் வைக்கிறதா, கலை வாத்தியார் வைக்கிறதா?

வெள்ளாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9:14

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளி. 1999ல பிளஸ் டூ முடிச்ச செட் நாங்க. வெள்ளிவிழாச் சந்திப்புன்னு கூடினோம். பிரியாணி சாப்பிட்டு, கொஞ்சம் அழுது, போட்டோ எடுத்த சூட்டோட வாட்ஸ்அப்ல வசூல் ஆரம்பிச்சு, இப்ப கையில 6,40,000 ரூபா நிக்குது. பள்ளிக்குத்தான் செய்யணும், அதுல தகராறு இல்ல. எதைச் செய்யறதுங்கறதுலதான் குரூப்பே ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு.

ஒரு பாதி: ஒரு கம்பெனிக்காரர் 5,75,000க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கார். ரோபோ கிட், த்ரீடி பிரிண்டர், தொலைநோக்கி, சுவர் முழுக்க கலாம், நியூட்டன் ஸ்டிக்கர். ரெண்டு நாள்ல மாட்டிக் கொடுத்துருவாராம். திறப்பு விழா ரிப்பனும் அவர் செலவு.

இன்னொரு பாதி: பள்ளியில ஓவியத்துக்கும் பாட்டுக்கும் ஆளே இல்ல. வாரம் ரெண்டு நாள் பறை, ஒயிலாட்டம், ஓவியம் சொல்லித்தர ஆள் போடுவோம். ஒரு வகுப்புக்கு 750 கொடுத்தா மாசம் எட்டு வகுப்புக்கு 6,000. வருஷம் பத்து மாசம்னா 60,000. மூணு வருஷம் ஓட்டினாலும் 1,80,000தான்.

நான் லேப் கட்சி. அடிக்கிறவங்க அடிக்கலாம்.

கொங்குத்தறி, 9:31

இதுல அடிக்க என்ன இருக்கு, லேப்தான். டவுன்ல தனியார் பள்ளிப் பிள்ளை மூணாங்கிளாஸ்ல ரோபோ ஓட்டுது. நம்ம பிள்ளை பிளஸ் டூ பிராக்டிகல் அன்னைக்குத்தான் வெர்னியரைக் கையில தொடுது. ஆட்டம் பாட்டமெல்லாம் ஊர்த் திருவிழாவுல தானா வரும். கால்குலஸ் தானா வருமா?

பழைய_சோனோமீட்டர், 10:05

31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சங்கதி கேளுங்கள்.

2009 சர்வதேச வானியல் ஆண்டு. நான் அப்போது இருந்த பள்ளிக்கு ஒரு நற்பணிக் குழுவினர் அருமையான தொலைநோக்கி ஒன்று கொடுத்தார்கள். மேடை, சால்வை, எல்லாம் நடந்தது. மறுநாள் அது இருப்புப் பதிவேட்டில் ஏறியது. ஏறியதும் அலமாரிக்குள் போனது. ஏன் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்லவேண்டும். தணிக்கைத் தடை விழுந்தால் ஓய்வூதியக் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆய்வக உதவியாளர் பணியிடம் வேறு காலி. ஆகவே பூட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லோரும் பழகிவிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2012 ஜூன் 6 காலை வெள்ளி கோள் சூரியனைக் கடந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்தான். அன்றைக்குச் சாவி தலைமையாசிரியர் பையில். அவர் மாவட்டத் தலைநகரில் கூட்டத்தில். வாசலில் நாற்பது பிள்ளைகள் நிற்கிறார்கள். கடைசியில் என்ன செய்தோம்? முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின்மேல் பட்டாணி அளவு ஓட்டை போட்ட கறுப்புத் தாளை ஒட்டி, வெயிலில் சாய்த்து வைத்து, வராந்தாவின் மறுகோடியில் இருந்த இருட்டறைச் சுவரில் சூரியனை விழவைத்தோம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சூரியன். அதன்மேல் மங்கலாக, மிளகு மாதிரி ஒரு புள்ளி. ஒரு பெண் பிள்ளை விரலால் சுவரைத் துடைத்துப் பார்த்தாள், அழுக்கோ என்று.

மொத்தச் செலவு பன்னிரண்டு ரூபாய். தொலைநோக்கி அடுத்த அறையில்தான் இருந்தது.

கொங்குத்தறி, 10:12

சார், கதை நல்லாருக்கு. ஆனா இது தலைமையாசிரியர் கோளாறு, தொலைநோக்கிக் கோளாறு இல்ல.

பழைய_சோனோமீட்டர், 10:20

அந்தக் கோளாறு உங்கள் 5,75,000இல் சேர்ந்திருக்கிறதா, தம்பி? இல்லையென்றால் அதற்கும் ஒரு கொட்டேஷன் வாங்கிவிடுங்கள்.

அரைநாள்_டீச்சர், 10:48

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. 2012ல ஓவியம், இசை, தையல், உடற்கல்வின்னு 16,549 பேரை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்களே, அந்தக் கூட்டத்துல ஒருத்தி. வாரத்துல மூணு அரைநாள் வேலை. 2024ல அது 12,500 ஆச்சு. அப்பவும் மே மாசம் சம்பளம் கிடையாது. மே மாசம் எங்களுக்குப் பசிக்காதுன்னு யாரோ கணக்குப் போட்டிருக்காங்க.

"ஆட்டம் பாட்டம் தானா வரும்"னு எழுதியிருக்கற அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். பத்தாங்கிளாஸ் பிள்ளைகள் செம்பருத்திப் பூவோட நீள்வெட்டுத் தோற்றம் வரையறதைப் பார்த்திருக்கீங்களா? பூவை யாரும் பார்க்கறதில்ல. கைடுல இருக்கற படத்தைப் பார்த்து வரையும். பிளஸ் டூல ரெக்கார்டு நோட்டுக்குக் காசு கொடுத்து வரைஞ்சு வாங்குது. நான் ஒருநாள் பள்ளி வேலியிலிருந்து நிஜப் பூவைப் பறிச்சு, பிளேடால கீறி, "இதை வரை"ன்னு கொடுத்தேன். மகரந்தக் குழலுக்குள்ள சூல்தண்டு போகுதுன்னு அன்னைக்குத்தான் ஒரு பையன் கண்டுபிடிச்சான். "டீச்சர், புக்ல இருக்கறது நிஜம்தான்"னான். அதை ஓவிய வகுப்புன்னு சொல்லுவீங்களா, அறிவியல் வகுப்புன்னு சொல்லுவீங்களா, உங்க இஷ்டம். அந்தப் பீரியடை அடுத்த வாரம் கணக்கு டீச்சர் வாங்கிட்டாங்க.

நெருப்பில்_காய்ச்சியது, 11:17

எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசறீங்க, நான் நேராக் கேட்கறேன். பறைன்னு எழுதியிருக்கீங்களே, அதை எந்தப் பிள்ளைங்க கையில கொடுக்கப் போறீங்க?

எங்கப்பா சாவுக்கு அடிச்சவர். ராத்திரி முழுக்க அடிச்சிட்டு வருவார், விரல் இடுக்குல ரத்தம் கட்டியிருக்கும். கூலியைத் திண்ணைக்குக் கீழ நின்னு வாங்குவார். அந்தக் குச்சியை நான் தொடக்கூடாதுன்னுதான் என்னைப் படிக்க வச்சார். நான் படிச்சேன், இப்ப மின்வாரியத்துல இருக்கேன். சென்னை மேடையில டீசர்ட் போட்டுகிட்டு பறை அடிச்சா அது கலை, விடுதலை. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அடிச்சா எந்தத் தெருப் பிள்ளை முன்னாடி நிக்கும், எந்தத் தெருக்காரங்க நாற்காலியில உட்கார்ந்து கைதட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த 1,80,000க்கு எங்க பிள்ளைங்களுக்கு மைக்ரோஸ்கோப் வாங்கிக் கொடுங்க. பூட்டி வச்சாலும் பரவாயில்ல.

வெள்ளாற்றங்கரை, 11:25

அண்ணே, இந்தக் கோணம் எங்க குரூப்ல யாருக்குமே தோணல. ஏன் தோணலன்னு யோசிச்சா கூச்சமா இருக்கு.

அரைநாள்_டீச்சர், 11:52

நீங்க சொல்றது பாதி நான் கண்ணால பார்த்தது. ஆண்டு விழாவுக்குப் பறை வைக்கலாம்னு சொன்னப்ப, ஆர்வமா கை தூக்கினது ஒரே தெருப் பிள்ளைங்க. அதனால கை தூக்கறதையே நிறுத்திட்டேன். எட்டு ஏ பிரிவுல வரிசை எண்படி ஒண்ணுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் வாங்கன்னேன். மறுநாள் ரெண்டு அப்பாமாருங்க வாசல்ல நிக்கறாங்க, "எங்க பிள்ளை கையில இதை ஏன் கொடுத்தீங்க?"ன்னு. தலைமையாசிரியர் எனக்கு வம்பு வேண்டாம், கோலாட்டம் போடுங்கன்னார். கோலாட்டம்தான் போட்டோம்.

அதுக்காக விட்டுடலாம்னு நீங்க சொல்றீங்க. நான் அதனாலதான் வரிசை எண்படி கத்துக்கொடுக்கணும்னு சொல்றேன். வந்த ரெண்டு அப்பாமாரையும் அந்தக் குச்சி பயமுறுத்தினது மாதிரி உங்க மைக்ரோஸ்கோப் பயமுறுத்தாது சார்.

நெருப்பில்_காய்ச்சியது, திங்கள் காலை 6:40

டீச்சர் மேல மரியாதை இருக்கு. ஆனா உங்களை வேற பள்ளிக்கு மாத்திட்டா வரிசை எண்ணும் போயிடும். மைக்ரோஸ்கோப் இருக்கும். என் கருத்து மாறல.

வரிகட்டி, 8:02

ஒருத்தர்கூட அடிப்படைக் கேள்வியைக் கேட்கலையே. அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் போடறது யார் வேலை? நாம காசு போட்டு ஓவிய வாத்தியார் வச்சா, "அங்கதான் ஆள் இருக்கே"ன்னு அந்தப் பணியிடம் நிரந்தரமா காலியாயிடும். 2013 கம்பெனிச் சட்டத்துல பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) கொடுக்கணும்னு போட்டதுலேருந்து அரசுக்கு இது பழகிப்போச்சு. எது கேட்டாலும் சி.எஸ்.ஆர்.ல பார்த்துக்கோங்கன்னு பதில் வருது. ஒரு பைசா கொடுக்காதீங்க. அந்தப் பணத்துல நல்ல வக்கீல் வச்சு, காலிப் பணியிடத்துக்கு வழக்குப் போடுங்க.

தேக்குத்தூண், 8:45

வரிகட்டி ஐயா, வரலாறு உங்க பக்கம் இல்ல. 1956ல காமராசர் மதிய உணவை ஆரம்பிச்சது ஊரார் நன்கொடையோடதான். பிறகு அரசு பெரும்பங்கை ஏத்துகிச்சு. அந்தப் பத்தாண்டோட கடைசியில அப்போ கல்வி இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்னு நடத்தின பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்ல பெஞ்சு, நிலம், கட்டடம்னு சனங்க கொண்டுவந்து கொட்டினாங்க. அதனால அரசு பள்ளி திறக்கறதை நிறுத்திடல. இன்னைக்கும் உங்க புதுக்கோட்டைப் பக்கமே தாம்பாளத்துல சாமான் வச்சு மேளதாளத்தோட பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோற ஊர்கள் இருக்கு. தாய்மாமன் சீர் கொடுத்தா அப்பன் சோறு போடறதை நிறுத்திடுவானா?

எங்க ஊரையும் சொல்லியாகணும், இல்லேன்னா தூக்கம் வராது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததாலதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948ல நேரு அடிக்கல், 1953ல திறப்பு. நடத்தறது அரசு. அதே செட்டிநாட்டுப் பணம்தான், அண்ணாமலைச் செட்டியார் கையால, சிதம்பரத்துல 1929ல இசைக் கல்லூரியும் வச்சது. அறிவியலா கலையான்னு அவங்க அடிச்சுக்கல.

வரிகட்டி, 8:58

300 ஏக்கர் கொடுத்தவர் சொன்னா டெல்லி கேட்கும். 6,40,000 கொடுக்கறவங்க சொன்னா வட்டாரக் கல்வி அலுவலகத்துல நாற்காலிகூடக் கிடைக்காது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

அதோட ரெண்டு பேருமே பணக்காரச் செட்டியார். சண்டை போடத் தேவையில்லாத அளவுக்குப் பணம் இருந்தது, அவ்வளவுதான்.

தேக்குத்தூண், 9:03

இது சரியான அடி. வாங்கிக்கறேன்.

சிராங்கூன்_பக்கம், 11:30

நானும் அதே ஊர், வேற செட். 2,000 வெள்ளி போடலாம்னு இருக்கேன். ஆனா நான் சிங்கப்பூர்க் குடிமகனாகி ஒன்பது வருஷமாச்சு. அனுப்பலாமா?

தணிக்கைத்_தாத்தா, 12:10

அனுப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்துக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. நீங்கள் குடியுரிமை மாறியவர். வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் உங்கள் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான். வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கான கணக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்கவேண்டும். ஊர்த் தம்பி பெயரில் சுற்றிவிடலாம் என்று யோசிக்கவும் வேண்டாம்.

இழை தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. அந்த 6,40,000 இப்போது யார் கணக்கில் இருக்கிறது?

வெள்ளாற்றங்கரை, 12:14

என் சேமிப்புக் கணக்குலதான்.

தணிக்கைத்_தாத்தா, 12:16

நினைத்தேன். பணத்தை முதலில் அங்கிருந்து வெளியே எடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசுங்கள். இல்லையென்றால் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்க 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகப் போங்கள். செஸ் ஆனந்தைத் தூதராக வைத்துத் தொடங்கினார்களே, அதுதான். வருமான வரியில் நன்கொடைக்கான சலுகையை நம்பி யாராவது கொடுத்திருந்தால், புதிய வரித்திட்டத்தில் அது கிடையாது என்றும், ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தது கணக்கில் வராது என்றும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு நட்பு கெடும்.

கொங்குத்தறி, 12:40

கடைசியில லேப்பா இல்லையா, அதைச் சொல்லுங்க. 6லேருந்து 8 வரைக்கும்தான் வானவில் மன்றம்னு பரிசோதனைச் சாமானோட ஆள் வந்து செஞ்சு காட்டுறாங்க. அதுவும் 2022லேருந்து நடக்குது. மேல் வகுப்புக்குத்தான் ஒண்ணும் இல்ல. 1999ல ஆரம்பிச்ச அகஸ்தியா அறக்கட்டளைக்காரங்க, ஆந்திராவுல குப்பம்ங்கற ஊர்ல இருக்கறவங்க, வேன்ல சாமானை ஏத்திகிட்டுப் பள்ளி பள்ளியாப் போறாங்க.

பழைய_சோனோமீட்டர், 12:55

நீங்கள் சொன்ன இரண்டிலும் சாமானோடு கூடவே ஒரு ஆள் வருகிறார் என்பதைக் கவனித்தீர்களா? நானும் அதைத்தான் நேற்று இரவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளாற்றங்கரை, புதன் இரவு 10:30

நேத்துத் தலைமையாசிரியரைப் பார்த்துட்டு வந்தேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு, "தம்பி, பெண்பிள்ளைங்க கழிவறைக்குத் தண்ணி ஏறல, முதல்ல ஒரு மோட்டார் வாங்கிக் கொடுங்க"ன்னார். எங்க ரெண்டு கட்சியும் ஒரே நிமிஷத்துல வாயை மூடிகிச்சு.

இப்போதைக்கு முடிவானது இவ்வளவுதான். மோட்டார், குழாய் வேலை 70,000. கம்பெனிக்காரர் கொட்டேஷனுக்கு நன்றி சொல்லியாச்சு. லென்ஸ், காந்தம், மெக்னீசியம் நாடா, காப்பர் சல்பேட் மாதிரி தீர்ந்துபோற சாமானுக்கும், உடைஞ்சா யாரையும் கேட்காம மாத்திக் கொடுக்கறதுக்கும் வருஷம் 40,000, மூணு வருஷத்துக்கு. சோனோமீட்டர் சார் யோசனை. உடைச்சா நாங்க கட்டறோம்னு எழுதியே கொடுக்கறோம். ஓவியத்துக்கு ஆள் போடறதுக்கு அலுவலக அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கோம். 2024ல சென்னை அரசுப் பள்ளியில வெளியாள் ஒருத்தர் பேசின சொற்பொழிவு சர்ச்சையானதுக்கு அப்புறம் வெளியாள்னா ரொம்பப் பயப்படறாங்க. பறை பத்தி இன்னும் ஓடுது. எங்க செட்லயே காலனிப் பசங்க நாலு பேர் இருக்காங்க. இத்தனை நாள் அவங்ககிட்டத் தனியாக் கேட்கவே இல்ல, இப்பக் கேட்டிருக்கேன். ரெண்டு பேர் வேணாங்கறான், ஒருத்தன் நானே வந்து சொல்லித் தரேங்கறான், ஒருத்தன் பதில் போடல.

நெருப்பில்_காய்ச்சியது, 10:44

பதில் போடாதவனை விட்டுடாதீங்க.

வரிகட்டி, 10:50

கழிவறைக்குத் தண்ணி விடறதும் அரசு வேலைதான். பதிவுல இருக்கட்டும்.

பழைய_சோனோமீட்டர், 11:02

எனக்கு அங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். மாதம் இரண்டு சனிக்கிழமை வருகிறேன், பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம். போகும்போது ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அந்தப் பள்ளியிலும் ஒரு அலமாரி இருக்கும். சாவி யாரிடம்?