1990 வானொலி நிலையக் காட்சி: அறையில் யார் யார் இருக்க வேண்டும்?

வைகை_மேடை:
மதுரையில் ஒரு நாடகம் தயாராகிறது. காட்சி முழுக்க 1990 வாக்கில் உள்ளூர் வானொலி நிலையத்தின் காலை ஒலிபரப்பு. அறிவிப்பாளரே எல்லாம் செய்வார் என்று நடிகர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் யார் என்ன வேலை பார்ப்பார்கள்? டேப் வெட்டி ஒட்டுவதை மேடையில் காட்ட வேண்டும். நடுவில் ஒரு தவறும் நடக்க வேண்டும், எந்தத் தவறு பொருந்தும்?

டூட்டி_ரூம்:
அறிவிப்பாளர் குரல் மட்டும்தான் தம்பி. அந்த நேரத்துக்கு நிலையத்தின் பொறுப்பு டூட்டி ஆபீசருடையது. கியூ ஷீட்டில் (அன்றைய நிகழ்ச்சி வரிசைத் தாள்) இருக்கும் பாட்டை அறிவிப்பாளர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் டூட்டி ஆபீசர் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமில் இன்ஜினீயரிங் ஆள், ஒலியளவு காட்டும் மீட்டர் முள்ளின் மேல் கண்ணாக இருப்பார். டிரான்ஸ்மிட்டர் ஊருக்கு வெளியே, அங்கே தனி ஷிப்ட்.

டூட்டி ஆபீசர் மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே ரிப்போர்ட் எழுதுவார். "7.14.40 முதல் 20 விநாடி மௌனம்" என்று ஒரு வரி விழுந்தால் போச்சு. அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் நிகழ்ச்சிப் பிரிவு "லைன் (வெளியிலிருந்து வரும் ஒலி இணைப்பு) வரல" என்னும், இன்ஜினீயரிங் "ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ்) திறக்கல" என்னும். இந்த இழுபறிதான் அந்த அலுவலகத்தின் உயிர், காட்சியில் விட்டுவிடாதீர்கள்.

பகுதிநேர அறிவிப்பாளருக்கு இது ஷிப்டுக்கு இவ்வளவு என்ற கூலி. அடுத்த மாத டூட்டி சார்ட்டில் பேர் இருக்குமா என்ற கவலையில், ரிப்போர்ட் எழுதும் "சார்" முன்னால் அவர் குரல் தானாகவே தணியும்.

மைக்கைக் கையில் பிடித்துப் பேச வைக்காதீர்கள். மைக் மேஜை ஸ்டாண்டில், மேஜை மேல் துணி. தாள்களில் குண்டூசி இருக்கக் கூடாது. படித்ததைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்தணும், இல்லையென்றால் சரசரப்பு ஒலிபரப்பில் கேட்கும்.

ஸ்பூல்_சுத்தி:
வெட்டி ஒட்டும் முறை: ஸ்பூல் (டேப் சுற்றும் சக்கரம்) இரண்டையும் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடிக்கணும். பிளேபேக் ஹெட்டுக்கு (டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) நேராக டேப்பின் முதுகில், அதாவது ஒலி பதியாத பக்கத்தில், மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கோடு. டேப்பைப் பிடித்து வெட்டும் கட்டையான எடிட்டிங் பிளாக்கின் பள்ளத்தில் வைத்து 45 டிகிரி சாய்வில் பிளேடு. நேராக வெட்டினால் ஒட்டில் 'டக்' என்று கேட்கும். சாய்வில் ஒரு ஒலி மெல்ல மறைந்து மற்றது வரும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் 'டக்' வரும். ஒட்டுவது முதுகுப் பக்கத்தில், ஸ்ப்ளைசிங் டேப்பால். சாதா செலோடேப்பில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

அளவு: 7½ அங்குல வேகத்தில் ஒரு விநாடிக்கு 7½ அங்குல டேப் ஓடும். ஒரு மூச்சு வாங்குவதை எடுக்க இரண்டு மூன்று அங்குலம் போதும். 1200 அடி ஸ்பூல் 32 நிமிடம்.

டூட்டி_ரூம்:
தவறுக்கு நல்லது ஒன்று இருக்கு. நூலகத்தில் பல ஸ்பூல்களை முடிவு வெளியே வருமாறு சுற்றி வைப்பார்கள், பக்கத்துச் சுற்றின் சத்தம் பதிந்து முன்கூட்டியே எதிரொலி கேட்காமலிருக்க. ஓட்டும் முன் திரும்பச் சுற்றணும். மறந்தால் பேச்சு தலைகீழாக ஒலிக்கும்.

வைகை_மேடை:
வீட்டில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர் இருக்கிறது, அதில் இந்தத் தலைகீழ்ச் சத்தத்தை வரவழைத்துக் காட்டலாமா?

ஸ்பூல்_சுத்தி:
சரிவராது. நிலையத்து மெஷின் டேப்பின் முழு அகலத்தில் பதியும். வீட்டு மெஷின் பாதியில்தான் பதியும். ஸ்பூலை மாற்றிப் போட்டால் அடுத்த பாதியில் இருப்பதுதான் ஓடும். தலைகீழ்ச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்து ஸ்பீக்கரில் விடுங்கள்.

டூட்டி_ரூம்:
தவறு 7.15 டெல்லிச் செய்திக்குச் சற்று முன் நடக்கட்டும். அறிவிப்பாளர் ஃபேடரை இறக்கி, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" சொல்லி, எப்போதும் தயாராக வைத்திருக்கும் வீணை இசைத்தட்டைப் போடுவார். தட்டைக் கால் சுற்று பின்னால் திருப்பி நிறுத்தியிருக்கணும். இல்லாவிட்டால் வேகம் பிடிப்பதற்குள் சுருதி இழுக்கும். அந்த வீணையும் 7.15க்கு எங்கே இருந்தாலும் அறுந்தே ஆகணும், டெல்லி காத்திருக்காது.