பிப் ஃப்ரீஸ் மட்டும் போதுமா?

ஓலைச்சுவடி:
பைதான் ப்ராஜெக்ட்டை வேறு கணினியில் அப்படியே நிறுவ ஒரு வரி போதும். பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியில் ஃப்ரீஸ் கட்டளை கொடுத்து, வருவதை ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் போட்டால் எல்லாப் பேக்கேஜும் வெர்ஷன் எண்ணோடு பதிவாகிவிடும். இதற்கு மேல் லாக் ஃபைல் (துணைப் பேக்கேஜ்கள் உட்பட எல்லா வெர்ஷனையும் பூட்டிவைக்கும் கோப்பு), டாக்கர் (நிரலை அதன் சூழலோடு கட்டிவைக்கும் கருவி) என்று போவதெல்லாம் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நள்ளிரவு:
அந்த ஒரு வரியால் ஒரு வாரம் அல்லாடியவன் நான். கைக்கு வந்த பழைய ப்ராஜெக்ட்டின் கோப்பில் 90 சொச்சம் வரிகள், அதில் எதைக் கேட்டு வாங்கினார்கள், எது இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்றே தெரியவில்லை. ஜாங்கோ என்ற வெப் பேக்கேஜை மட்டும் புது வெர்ஷனுக்கு ஏற்றலாம் என்றால் எந்த வரியைத் தொடுவது? போதாக்குறைக்கு, கான்டா என்ற இன்னொரு கருவியால் நிறுவிய சிலவற்றுக்கு எண் இருக்கவேண்டிய இடத்தில் யாருடைய கணினியிலோ இருந்த ஃபோல்டர் பாதை!

ஓலைச்சுவடி:
ப்ராஜெக்ட்டுக்கென்று தனி இடமாக விர்ச்சுவல் என்விரான்மென்ட் போடாமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டியவர் தப்பு அது. கருவி என்ன செய்யும்?

நள்ளிரவு:
சரி, போட்டார் என்றே வைப்போம். பைதான் வெர்ஷன் அந்தக் கோப்பில் எங்கே இருக்கிறது? 3.12இல் பேக்கேஜ்களைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸையே நீக்கிவிட்டார்கள், அதை நம்பியிருந்த பழைய பேக்கேஜ் பாதியில் விழும். பிப்-டூல்ஸ் என்ற கருவியில் நாம் கேட்டதை மட்டும் ஒரு கோப்பில் எழுதினால், மற்றதை எது எதனால் வந்தது என்ற குறிப்போடு அதுவே இன்னொரு கோப்பில் எழுதித் தரும். கேட்டால், இறங்கும் கோப்பு அதேதானா என்று சரிபார்க்க ஹேஷும் போடும்.

கப்பல்காரன்:
இரண்டு பேருமே சி லைப்ரரிகளை மறந்துவிட்டீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும் சைகோபிஜி2வை சோர்ஸிலிருந்து கட்ட லிப்பிக்யூ என்ற சி லைப்ரரி வேண்டும், அதை பிப் பதிவே செய்யாது. எல்லாவற்றையும் சேர்த்து டாக்கர் இமேஜாகக் கட்டி வையுங்கள், தொல்லை விட்டது.

நள்ளிரவு:
இமேஜ் கையில் இருக்கும்வரை சரி. அதைக் கட்டும் செய்முறையான டாக்கர்ஃபைல் மட்டும் இருந்து, ஆறு மாதம் கழித்துக் கட்டினால் அடிப்படை இமேஜின் அதே டேக் (பெயர்ச்சீட்டு) வேறு இமேஜைக் கொடுக்கலாம், லினக்ஸ் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் அன்றைக்கு இருப்பதைத்தான் இறக்கும்.

கப்பல்காரன்:
அதற்குத்தான் டேக்குக்குப் பதில் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் டைஜஸ்ட் இருக்கிறதே, அடிப்படை இமேஜ் மாறாது. ஆப்ட் விஷயம்... உண்மைதான், நானும் அதில் அடிபட்டிருக்கிறேன்.

ஓலைச்சுவடி:
20 வரி ஸ்கிரிப்டுக்கு இதெல்லாம் செய்யமாட்டேன், சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு கோப்பு யோசனை பிடித்திருக்கிறது. அப்புறம், என்னிடம் ஃப்ரீஸ் கோப்பு மட்டும்தான் இருக்கிறது, நான் கேட்டவற்றை எப்படிப் பிரிப்பது?

நள்ளிரவு:
அதை வைத்து நிறுவிவிட்டு, பிப் லிஸ்ட்டை நாட்-ரெக்வயர்ட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், வேறு எதற்கும் தேவைப்படாதவை மட்டும் வரும். நீங்கள் கேட்டதே இன்னொன்றுக்கும் தேவை என்றால் விடுபடும், அதை உங்கள் நிரலின் இம்போர்ட் வரிகளைப் பார்த்துக் கையால் சேர்க்கவேண்டியதுதான்.