பிடிஓ வீட்டுக்கு (பதிவு செய்தபின் கட்டித் தரும் அரசு வீடு) இப்போதே விண்ணப்பம் போடலாமா?

கேள்வி: எனக்கு 26, என் துணைக்கு 25. இருவர் சம்பளமும் சேர்த்து 7,000 வெள்ளி. சிங்கப்பூரின் தெங்கா வட்டாரத்தில் நாலறை வீடு பார்க்கிறோம். கையிருப்பு 9,000தான். அம்மாவுக்கு மாதம் 600 கொடுக்கிறேன், அதை நிறுத்த மாட்டேன். பொறுத்திருக்கலாமா?

ஈசூன் அக்கா: தம்பி, மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. நாங்கள் அந்த விளிம்புவரை போனோம். சாவி வாங்கிய மாதமே என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் எடுத்தால் மசேநி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கில் ஆளுக்கு 20,000 வரை விட்டுவைக்கலாம். நாங்கள் வழித்துத் துடைத்துப் போட்டுவிட்டோம். ஐந்து மாதத் தவணையை அண்ணன்தான் கட்டினார். வெறும் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். அம்மா பணத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னொருவர்: முதலில் வீவகவிடம் எச்எஃப்இ கடிதம் (வீடு வாங்கத் தகுதி உண்டா என்று காட்டும் கடிதம்) வாங்குங்கள். கடனும் மானியமும் எவ்வளவு என்று அதிலேயே தெரியும்.

கேட்டவர்: இன்றிரவே விண்ணப்பிக்கிறேன். அக்கா, அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்றா?

ஈசூன் அக்கா: போன தீபாவளிக்கு முடித்தோம்.