ஷாம்பேன் திபோ: சண்டைக்காரரா, கவிஞரா?

பாளை வாசகி:
அண்ணாச்சிமாரே, எங்கள் வாசகர் வட்டத்தில் பிரான்சின் ஷாம்பேன் பகுதியை ஆண்ட சிலுவைப்போர்க் கவிஞர் திபோவைப் பற்றிப் பேசப் போகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

தென்காசிக்காரன்:
பாட்டிலிருந்துதான் அக்கா. நைடதம் பாடிய நம்ம அதிவீரராம பாண்டியர் மாதிரி இவரும் முடிசூடிய கவிஞர். அப்பா இறந்த சில நாளில், 1201இல் பிறந்தார், ஷாம்பேனைக் கட்டிக்காத்தது தாய் பிளான்ஷ். 1234இல் தாய்மாமனுக்குப் பின், இன்றைய ஸ்பெயினின் வடக்கே இருந்த நவார் நாட்டு அரியணையும் வந்தது.

அம்பை அண்ணாச்சி:
இவர் தலைமையில் போன 1239 சிலுவைப்போர்ப் படையெடுப்பை விட்டுவிடாதம்மா. இவர் தடுத்தும் கேட்காமல் ஒரு கூட்டம் இரவோடு இரவாகக் காசா பக்கம் கிளம்பிப் போய், மணல்மேடுகளுக்கு நடுவே எகிப்துப் படையிடம் மாட்டிக்கொண்டது. அப்புறம் பேச்சுவார்த்தையிலேயே நிறைய நிலத்தை மீட்டார், எனக்கு அதுதான் பெரிது.

பாளை வாசகி:
சரி அண்ணாச்சி. மெட்டு கிடைக்குமா?

தென்காசிக்காரன்:
பல பாடல்களுக்குக் கையெழுத்துப் பிரதியிலேயே மெட்டு இருக்கிறது, ஒன்றையாவது ஒலிக்கவிடுங்கள்.