பிஎல்சிக்கும் திரைக்கும் நடுவில் எத்தனை அடுக்கு?

பிஎல்சி என்பது ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி. அதன் எண்களைத் திரைக்கு நேராகக் கொண்டுவருவதா, படிப்படியாகவா என்று மூவர் பேசுகிறார்கள்.

நேர்கோடு:
ஒரு தொட்டியின் வெப்பநிலையைத் திரையில் காட்ட பிஎல்சி, கேட்வே (பிஎல்சியைப் படித்து மேலே அனுப்பும் பெட்டி), புரோக்கர் (செய்திகளை வாங்கிக் கேட்பவர்களுக்குப் பகிரும் நிரல்), டேட்டாபேஸ், ஏபிஐ (டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தரும் இடைமுகம்), அப்புறம் டேஷ்போர்டு என்று ஆறு இடம் சுற்ற விடுகிறோம். ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான மோட்பஸ் டிசிபியில் 502 போர்ட் வழியே ரெஜிஸ்டரை (பிஎல்சி எண்ணை வைத்திருக்கும் இடம்) நேராகப் படித்தால் அதே எண் உடனே வந்துவிடுமே. எங்கே கோளாறு என்று தேடுவதிலேயே பாதி நாள் போகிறது.

படிக்கட்டு:
ஒரு திரைக்குச் சரி. இருபது திரை வந்தால்? ஒவ்வொன்றும் தனியாக பிஎல்சியைக் கேட்கும், அது ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளோ கொஞ்சம்தான். மோட்பஸ் 1979-ல் வந்தது, கடவுச்சொல் என்ற பேச்சே அதில் கிடையாது. 502-ஐத் திறந்துவிட்டால் படிக்கிற வழியிலேயே எழுதவும் முடியும், அலுவலகக் கணினியிலிருந்து வால்வைத் திறக்கலாம். தவிர, ரெஜிஸ்டர் 16 பிட். 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து கிடக்கும், எந்தப் பாதி முதலில் என்பது கருவிக்குக் கருவி மாறும். இருபது இடத்தில் அதை எழுதி வைக்கப் போகிறீர்களா?

நேர்கோடு:
அந்தக் கேட்வேதான் எங்களை ஏமாற்றியது. பிஎல்சியிலிருந்து வந்த கேபிள் கழன்றுவிட்டது. கேட்வே கடைசியாகப் படித்த 82 டிகிரியையே அனுப்பிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் தன் கடிகார நேரத்தைப் போட்டு வாங்கி வைத்தது. நாற்பது நிமிடம் திரையில் ஆடாத அசையாத கோடு! எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்தோம்.

படிக்கட்டு:
கோபம் நியாயம்தான். அந்தக் கேட்வேயை அமைத்தவர் வெறும் எண்ணை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறார். ஓபிசி யூஏ என்ற நெறிமுறையில் மதிப்போடு அதன் நிலைக்குறியீட்டையும் (எண்ணை நம்பலாமா என்பது) மூல நேரத்தையும் (எண் மூலத்தில் எடுக்கப்பட்ட நேரம்) சேர்த்தே அனுப்ப இடம் இருக்கிறது. எம்க்யூடிடி (புரோக்கர் வழியே செய்தி அனுப்பும் நெறிமுறை) நீங்கள் கொடுக்கும் பைட்டுகளை அப்படியே சுமக்கும், உள்ளே என்ன என்று பார்க்காது, ஆகவே நேரத்தையும் நிலையையும் நீங்களேதான் வைக்க வேண்டும்.

கட்டுப்பாட்டறை:
இரவுப் பணியில் இருப்பவன் சொல்கிறேன். மேலே போகும் இணைப்பு அறுந்தால் கேட்வே சேமித்து வைத்துப் பிறகு அனுப்புகிறது, அது இல்லாவிட்டால் அந்த நேரத்துப் பதிவே கிடையாது. ஆனால் மூல நேரம் இல்லாமல் வந்தால் இரண்டு மணி நேரத்து எண்கள் ஒரே நிமிடத்தில் குவிந்து வரைபடம் செங்குத்தாக எகிறும்.

நேர்கோடு:
சரி, கேட்வேயை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆலை, நான்கு பேர் குழு என்றால் புரோக்கர் எதற்கு என்று இன்னும் கேட்பேன்.

படிக்கட்டு:
அங்கே தேவையில்லைதான். முதலில் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இது பழைய எண் என்று காட்ட அது திரையில் சாம்பல் நிறமாக மாற எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள்.