சிங்கப்பூர் வீவக அடுக்குமாடிப் பொதுநடையில் திகில் காட்சி, பயமே வரவில்லை

கேள்வி: குறும்படத்தில் ஒரு பெண் இரவில் மின்தூக்கியிலிருந்து இறங்கி, பொதுநடை (வீடுகளுக்கு முன்னுள்ள பொதுத் தாழ்வாரம்) வழியாக வீட்டு வாசல் வரை நடக்கிறார், பின்னால் யாரோ. எடுத்ததைப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, திரையில் பட்டை வேறு ஓடுகிறது. இசையைக் கூட்டினால் போதுமா?

பதில் 1: முதலில் பட்டை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டரை (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடியில் வையுங்கள். 1/60 போட்டால் பட்டை வரும். பொதுநடை விளக்கை நாமாக அணைக்க முடியாது, அதனால் எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப், அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தைக் கால் பங்காக, இறக்குங்கள். பிறகு முகத்துக்கு ஒரு பக்கம் மட்டும் சின்ன எல்இடி, மறுபக்கம் கருப்புத் துணி. துணியை மறந்தால் வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பியடித்து நிழலைத் தின்றுவிடும். எடிட்டிங்கில் மொத்தமாக இருட்டாக்குவது வேண்டாம், அது வெறும் மங்கல்.

பதில் 2: இசையைக் கூட்டாதீர்கள், சத்தத்தைக் கழியுங்கள். அதே இடத்தில் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அதன்மேல் மின்தூக்கி இரைச்சல், பக்கத்து வீட்டு டிவி. அந்தப் பெண் நடக்க நடக்க ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். டிவி சத்தம் கடைசியாக அடங்கட்டும். ஆனால் அந்த ஒரு நிமிடப் பதிவு அடியில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். முழு மௌனம் வைத்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். 40 ஹெர்ட்ஸ் மாதிரி மிகத் தாழ்ந்த உறுமல் சேர்த்தாலும் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காது.

பதில் 3: மாடிப்படிக் கதவு லேசாகத் திறந்திருப்பதை ரசிகருக்கு முன்பே காட்டிவிடுங்கள், அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டாம். பிறகு அவரை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, முதுகுக்குப் பின்னால் இடம் விடுங்கள். படப்பிடிப்புக்கு, பொதுநடையைப் பராமரிக்கும் நகர மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டீர்கள்தானே?